காலமானோர் பட்டியல்

“காலமானவருக்குக் கதவைத் திறக்க அனுமதி இல்லை” என்று கதவு மூன்றாவது முறையாகச் சொன்னது.

குமரகுரு பல் தேய்த்துக்கொண்டிருந்தவன், வாயில் நுரையோடு ஓடிவந்து பார்த்தான். வெளியே அவன் அப்பா சங்கரபாண்டியன், கோவில்பட்டியிலிருந்து ராத்திரி ரயிலில் வந்த களைப்போடு, ஒரு கட்டுப் பனங்கிழங்கை அணைத்தபடி நின்றிருந்தார்.

“ஏய்யா, நான் செத்துட்டேன்னு சொல்லுதே இது” என்று சிரித்தார். பத்தொன்பது நாளாக அவன் போனை எடுக்கவில்லை, பயந்துபோய் வந்துவிட்டாராம்.

பத்தொன்பது நாளுக்கு முன்புதான் குமரகுரு ‘வாழ்வேடு’ வாங்கியிருந்தான். ஊரில் எல்லோரும் வைத்திருந்தார்கள், அவனும் வைத்தான். ஒரு மனிதனின் பத்து வருடக் கடிதங்களையும் செய்திகளையும் விழுங்கி, உறவு, பொருள், கடமை என்று பட்டியல் போட்டு, வீட்டுக் கதவு முதல் போன் வரை தானே கவனித்துக்கொள்ளும் கருவி அது. மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொண்டால் நாடி பிடித்து மனநிலையையும் எழுதிக்கொள்ளும். முதல் நாள் அது எழுநூறு கேள்வி கேட்டது. எழுநூறுக்கும் படிக்காமலே ‘சரி’ என்று தட்டிவிட்டுச் சாப்பிடப் போன புண்ணியவான் இவன்.

கதவிடம் திறக்கச் சொல்லி, அப்பாவை உட்காரவைத்துவிட்டுச் சுவர்த்திரையில் ஏட்டை விரித்தான். காலமானோர் பட்டியலில் அம்மாவுக்கு அடுத்து அப்பா இருந்தார். இறந்தவர் எண்ணிலிருந்து வரும் அழைப்பு மோசடி என்று போனைத் தடுத்திருந்தது. வருகிற ஆடியில் முதல் திதிக்கு ராமேசுவரத்தில் இடம்கூடப் பிடித்து வைத்திருந்தது.

ஆதாரமும் கீழேயே இருந்தது. போன ஆடியில் நண்பர்களோடு கோவா போக அவன் மேலாளருக்கு எழுதிய கடிதம். ‘அப்பா தவறிவிட்டார். பத்து நாள் விடுப்பு வேண்டும்.’ மேலாளர் நூர்ஜகான் அன்றைக்கு அழுதுவிட்டாள். தன் விடுப்பிலிருந்து மூன்று நாளை அவனுக்குக் கொடுத்தவள் அவள்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு நிதானமாகப் படித்தார். குமரகுருவுக்குப் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது, ஆனால் அது பதினான்காவது மாடி.

“என்ன சீக்குன்னு சொன்னே?”

“மாரடைப்புப்பா.”

“அது தேவல. உங்கம்மா மாதிரிக் கெடந்து போகல.”

அவன் அப்பாவின் பெயரைத் தொட்டு ‘உயிருடன் இருக்கிறார்’ என்று மாற்றினான். ஏடு நிறுத்திக் கேட்டது. இரங்கல் தெரிவித்த அறுபத்திரண்டு பேரின் ஏடுகளுக்கும் இந்தத் திருத்தம் காரணத்தோடு போகும், தொடரலாமா? பட்டியலில் முதல் பெயர் நூர்ஜகான். அவன் விரல் அந்தரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

அப்பா அந்த விரலைப் பார்த்தார்.

“விட்டுருய்யா. ஆபீசுல ஒனக்குக் கேவலம். நான் செத்தவனாவே இருந்துட்டுப் போதேன். வேற நம்பர்லேர்ந்து போன் பண்ணிக்கிடுதேன்.”

அவர் மனசாரத்தான் சொன்னார். அதைக் கேட்டதும் குமரகுருவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஒரே ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி அவன் மணிக்கட்டுப் பட்டைக்குப் போதும். சுவர்த்திரையில், அப்பா கண்ணாடி இல்லாமலே படிக்கக்கூடிய பெரிய எழுத்தில், புது வரி விழுந்தது.

‘மனநிலை: நிம்மதி. காரணம்: தந்தை காலமானவராகவே இருக்க ஒப்புக்கொண்டது.’

அப்பா மடியிலிருந்த பனங்கிழங்குக் கட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

குமரகுரு ‘தொடர்க’ என்பதை ஓங்கிக் குத்தினான். அறுபத்திரண்டு ஏடுகளிலும் சங்கரபாண்டியன் உயிர் பெற்றார். நூர்ஜகானிடமிருந்து உடனே போன் வந்தது. அதை எடுக்காமல் அவன் அந்தக் கடைசி வரியை அழிக்கப் பார்த்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான்.

மனநிலைக் குறிப்புகளைத் திருத்த உரியவருக்கு அதிகாரம் இல்லை என்று ஏடு பொறுமையாக விளக்கியது. மனிதர்கள் அதில் பொய் சொல்லிவிடுகிறார்களாம்.