அனுஜினின் கைக்குள் மண்

மூன்றாவது பை உப்புநீர் தீர்ந்தும் புண்ணிலிருந்து இறங்கிய தண்ணீர் கலங்கலாகவே இருந்தது.

இந்த மங்கோலியப் புல்வெளி ஆஸ்பத்திரியில் பந்தயக் குதிரை ஓட்டி விழுந்த பிள்ளைகளுக்கு எலும்பு சேர்த்தே டாக்டர் ஒயுங்கெரெலுக்குத் தலை நரைத்துவிட்டது. ஏழு வயது அனுஜினுக்கு முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்து, தோலைக் கிழித்து வெளியே வந்து, பந்தயத் தரையை உழுதிருந்தன. கொண்டுவந்த அன்றே ஒயுங்கெரெல் மயக்கம் கொடுத்துக் கழுவி, செத்த சதையை வெட்டியெறிந்து, எலும்புகளைக் கம்பியால் நிறுத்தி, புண்ணைத் தைக்காமல் விட்டிருந்தாள். மண் பட்ட புண்ணை அவசரப்பட்டு மூடினால் கை அழுகிவிடும். விட்டுவிட்டுக் கழுவினால் சுத்தமாகும். ஆகியிருக்க வேண்டும்.

"முந்தாநாள் சுத்தமாத்தானே கட்டுனோம், அக்கா?" நர்ஸ் சர்னாய் அடுத்த பையைத் தூக்கிப் பிடித்தாள். "கட்டுக்குள்ள மண்ணு எப்படிப் போச்சு?"

"பேசாம ஊத்து."

வெளியே புழுதிக்காற்று பட்டப்பகலை மஞ்சள் இருட்டாக்கி, ஜன்னல் இடுக்குகளில் சீறி, கூரைத் தகரத்தைப் பிறாண்டி, பெரிய ஊருக்குப் போகும் பாதையையும் விழுங்கியிருந்தது. அதில் வந்த தூசிதான் என்று ஒயுங்கெரெல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தூசியில் ஈரம் இருக்காது. தட்டில் விழுந்தது கறுப்பு மண். அப்போதுதான் தோண்டிய குழியின் வாசம். சீழ் நாற்றமாக இருந்தால் பயந்திருக்க மாட்டாள். அதற்கு மருந்து உண்டு.

இந்த அறைக்குள் வரும்போது வாசலில் குழந்தையின் மாமன் பட்சூக் அவளை மறித்திருந்தான். குதிரை அவனுடையது.

"எப்பக் கடிவாளம் பிடிப்பா, டாக்டரம்மா?"

சுவரோரம் குந்தியிருந்த தாய் நன்சல்மா தலை நிமிராமல் கேட்டாள்: "இவ விழுந்தப்புறமும் உன் குதிரை தனியா ஓடி ஜெயிச்சிடுச்சே, அண்ணே. பின்ன இவ எதுக்கு?"

அவன் சிரித்தான். "வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு விழத்தான் செய்யும். மண்ணுக்கும் பசிக்குமில்ல?"

அவனை அறைந்திருக்கலாம். இத்தனை வருடத்தில் ஒயுங்கெரெல் ஒருவனையும் அறைந்ததில்லை. முறிந்த கையை அவள் சேர்த்து அனுப்புவாள். அவர்கள் மறுபடி குதிரையில் ஏற்றுவார்கள். சில பிள்ளைகள் ஆஸ்பத்திரிவரை வருவதும் இல்லை; நேரே மண்ணுக்குள் போய்விடுவார்கள்.

தட்டில் மண் விழுவது நிற்கவில்லை. எங்கோ உள்ளே ஒரு பொட்டலமாகத் தங்கியிருக்கிறதோ? ஒயுங்கெரெல் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே ஆட்காட்டி விரலை விட்டுத் துழாவினாள்.

முதல் கணு. இரண்டாவது கணு. அடி தட்டவில்லை.

குச்சி போன்ற கை அது. அடிப்பக்கத் தோலை இடது கையால் அழுத்திப் பார்த்தாள். அங்கே அவள் விரல் இல்லை.

உள்ளே விரல் குளிர்ந்தது.

"அக்கா..." சர்னாய் பின்வாங்கிச் சுவரில் மோதினாள். "உங்க கை எங்க போவுது?"

உள்ளங்கை முழுக்க உள்ளே போயிருந்தது. ஈர மண். வேர்கள். பிறகு வேரல்லாத ஒன்று. மெதுவாக அவள் விரலைத் தடவியது. சின்னது. அதற்கு நகம் இருந்தது.

நடை பழகும் பிள்ளையைப்போல அவள் விரலைப் பற்றிக்கொண்டது.

அனுஜின் மயக்கத்தில் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மேசைமேல்தான் கிடந்தன.

ஒயுங்கெரெல் இழுத்தாள். வரவில்லை.

சுண்டுவிரலை இன்னொரு கை பிடித்தது. கட்டைவிரலை வேறொன்று. மணிக்கட்டை இரண்டு.

எல்லாமே சின்னக் கைகள். இன்னும் வந்துகொண்டிருந்தன.