பாயின்ட்டில் ஆளில்லாத ஓவர்

முதல் பந்தை எதிர் டீம் விஷ்ணு நன்றாகத்தான் அடித்தான். பாயின்ட் பக்கம் தரையோடு தரையாக ஓடிய டென்னிஸ் பந்து, ஆளே இல்லாத இடத்தில் டப்பென்று நின்றது. உருண்டு ஓய்ந்து நிற்பது வேறு. இது யாரோ காலை வைத்துத் தடுத்தது மாதிரி நின்றது.

"கல்லு கில்லு இருக்குதாடா அங்க?" என்று பந்து போட்ட ராஜவேலு சலித்துக்கொண்டே போய் எடுத்து வந்தான். கீப்பராக நின்ற முபாஷிர் அந்த இடத்தையே பார்த்தான். காலையில் அந்தப் பக்கம் முழுக்கக் கல் பொறுக்கியதே அவன்தான். கல்லாவது மண்ணாவது!

அது வேண்டுமென்றே காலியாக விட்ட இடம். திருத்தணி மலைக்குக் கீழே ஆடுகிற இந்த டீமில் ஒருவன் செத்துப்போனால், அவன் பேரில் நடக்கிற நினைவுக் கோப்பையில் முதல் ஓவரைப் பத்துப் பேரோடுதான் ஆடுவார்கள். அவன் நின்ற இடத்தில் யாரும் நிற்கக் கூடாது. அந்தப் பக்கம் அடித்தால் எதிர் டீமும் ரன் ஓடாது. இதுவரை இரண்டு பேருக்கு அப்படிச் செய்தாகிவிட்டது. இன்றைக்கு இளம்பரிதிக்கு.

போன வருஷம் பொதட்டூர்பேட்டையில் மேட்ச் ஆடிவிட்டுப் பரிதியும் முபாஷிரும் ஒரே பைக்கில் திரும்பினார்கள். ஓட்டியது முபாஷிர். ஒரு கையில் செல்போன். நின்றிருந்த டிராக்டரில் மோதி, பின்னால் உட்கார்ந்திருந்த பரிதி அந்த இடத்திலேயே போய்விட்டான். ஆள் சேர்ந்ததும் முபாஷிர் பயத்தில் ஒரே ஒரு பொய் சொன்னான். வண்டியை ஓட்டியது பரிதி என்று. ஊரும் நம்பியது. நம்பாத ஒரே ஆள் பரிதியின் அப்பா, தறி ஓட்டுகிற தணிகாசலம். இன்று காலையிலும் முபாஷிர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எம் புள்ள அவ்ளோ வேகமா ஓட்றவன் இல்லியே, நைனா?"

"அவன்தாங்க ஓட்டிகினு வந்தான்," என்றான் முபாஷிர், தரையைப் பார்த்துக்கொண்டு.

இப்போது அவர் முபாஷிருக்குப் பின்னால், எல்லைக்கோட்டை ஒட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பையனின் போட்டோ.

இரண்டாவது பந்து. பொழுது மலைக்குப் பின்னால் இறங்கி, மைதானம் முழுக்க நிழல் விழுந்து, மேலே கோயில் பக்கமிருந்து வந்த ஒலிபெருக்கிச் சத்தமும் சுற்றி நின்றவர்களின் விசிலும் காதில் பஞ்சு அடைத்த மாதிரி தள்ளிப்போக, முபாஷிருக்கு ஒரு சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. சரக். சரக். வெறுங்கால் மண்ணில் நடக்கிற சத்தம். பாயின்ட் பக்கம் புழுதி ஒவ்வோர் அடியாகக் கிளம்பிக் கிளம்பி அடங்கியது. கூடவே பெட்ரோல் வாசனை.

பந்து போடும்போது ஃபீல்டர்கள் நாலடி முன்னால் வருவார்கள். முடிந்ததும் பின்னால் போய் நிற்பார்கள். இது பின்னால் போகவில்லை.

மூன்றாவது பந்து. ராஜவேலு ஓடத் தொடங்கும் முன்பே புழுதி கிளம்பியது.

நான்காவது. நெடி மூக்கில் ஏறியது. கைக்கு வந்த பந்தை முபாஷிர் கோட்டைவிட்டான்.

"இன்னாடா, தூங்கினுகீறியா?" என்று ராஜவேலு கத்தினான்.

"ஒண்ணுமில்லடா. நீ போடு."

சொல்லியிருக்கலாம். ஓடிப்போய் அந்தப் பெரியவர் காலில் விழுந்து, நான்தான் ஓட்டினேன் என்று ஒரு வார்த்தை. பாவி, உயிர் நடுங்குகிற நேரத்திலும் அவனுக்கு மானம்தான் பெரிதாகப் பட்டது.

ஐந்தாவது. ஸ்டம்புக்குப் பக்கத்தில் ஒரு கால்தடம். ஐந்து விரலும் பதிந்திருந்தது. ஈரமாக.

என்னைத்தான். என்னைப் பிடிக்கத்தான் வருகிறான். முபாஷிர் கண்ணை இறுக மூடினான். பல் கிட்டியது. சில்லென்று ஏதோ தோளை உரசியது.

உரசிவிட்டுப் போனது. நிற்கவில்லை.

ஆறாவது பந்து அவனைத் தாண்டி ஓடியது. திரும்பினான்.

தடங்கள் எல்லைக்கோடு வரைக்கும் போயிருந்தன. தணிகாசலத்தின் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியின் கால்கள் மெல்ல வளைந்து மண்ணில் அழுந்தின. பெரியவர் முகம் மலர்ந்தது. அந்தப் பக்கம் சாய்ந்து காதைக் கொடுத்தார்.

"சொல்லு நைனா."

கேட்டார்.

"ஆங்."

இன்னும் கேட்டார். சிரிப்பு போய்விட்டது.

"ஆங்... ஆங்..."

தலையாட்டிக்கொண்டே மெதுவாக நிமிர்ந்து முபாஷிரைப் பார்த்தார். கண்ணை எடுக்கவே இல்லை.