கையப் பிடிச்சுக்குங்க

அம்பிட்டியவுல அந்த வீட்டுக்கு நாங்க போனது பட்டப்பகல்ல. பழைய வீடுதான். ஆனா வாசல்ல ரோஜாத் தொட்டி, உள்ள பிளேன்டீ வாசம், பயப்பட ஒண்ணுமே இல்ல. நான் ஆம்புலன்ஸ் ஓட்டுறவன். பேய்க் கதை சொன்னா சிரிச்சே ஆள வெரட்டுவேன்.

கூட வந்தது யுகேஷ். வண்டியில நோயாளிங்களப் பார்த்துக்கிறவன். ஹேவாஹெட்ட மண்சரிவுக்குப் பொறகு அவன் தூங்கவே இல்ல. அங்க தோட்டத்து ஆளுங்க குடியிருந்த லயமே மண்ணுக்குள்ள போயிருச்சு. பேச்சியம்மாங்கிறவங்களோட கை மட்டும் கல்லுக்கு நடுவுல வெளிய தெரிஞ்சுச்சு. தோண்டுற வரைக்கும் யுகேஷ் அந்தக் கையப் பிடிச்சுக்கிட்டு, "கண்ண மூடாதீங்கம்மா, என் கையப் பிடிச்சுக்குங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். எங்க வேலையில எல்லாரும் சொல்றதுதான், வாய் தானா சொல்லும். வெளிய எடுக்கும்போது அவங்க உயிரோட இல்ல.

"அந்தக் கை இன்னும் என்னைய விடலண்ணே"ன்னான். அன்னையில இருந்து அவன் வலது கை மூடினது மூடினபடி. இப்பிடியே விட்டா பையன் செத்துருவான்னு பயந்துதான் இழுத்துட்டு வந்தேன்.

அந்த வீட்டு ஷிராணி மிஸ் இந்த மாதிரி ஆளுங்கள மனசு விட்டுப் பேச வைக்கிறவங்க. அவனுக்கு முன்னால வெறுங்கதிரை ஒண்ணப் போட்டாங்க.

"யுகேஷ், அவங்க இதுல உக்காந்திருக்கிறதா நெனச்சுக்குங்க. கைய விட்டுட்டுப் போங்கன்னு சொல்லுங்க."

அவன் வாயத் திறந்தான். வெளிய நல்ல வெயில். உள்ள எங்கிருந்தோ ஈர மண் வாசம் வந்துச்சு.

கதிரை கிரீச்சுன்னுச்சு.

யாரும் அதத் தொடல.

பொறகு கதிரைப் பக்கம் ஒரு மூச்சு. தொண்டையில மண் அடைச்ச மாதிரி, இழுத்து, இழுத்து. அது கடைசி மூச்சுன்னு எனக்குத் தெரியும், எத்தன பேருகிட்ட கேட்டிருக்கேன்! கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு. போகப் போறாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம். பாழாப்போன வாய்!

"கண்ண மூடாதீங்கம்மா! என் கையப் பிடிச்சுக்குங்க!"

யுகேஷோட கை பட்டுன்னு விரிஞ்சுச்சு. "அண்ணே, விட்டுட்டாங்க!"ன்னு ஓன்னு அழுதான்.

என் கையில யாரோட விரலோ. பச்சத்தண்ணியா ஜில்லுன்னு.

யுகேஷ் இப்ப நல்லாத் தூங்குறான், வேலைக்கும் வந்துட்டான். வண்டிய வேற ஒருத்தர் ஓட்டுறாரு. ஐயோ, எனக்குத்தான் கண்ண மூடவே பயமா இருக்கு.

நேத்து மிஸ்ஸுகிட்ட தனியாப் போனேன். அதே கதிரைய எனக்கு முன்னால போட்டாங்க. "போங்கன்னு சொல்லுங்க"ன்னாங்க.

"அதுல யாரும் இல்ல மிஸ்"னு மெதுவாச் சொன்னேன். "என் பக்கத்துல நிக்கிறாங்க."

மிஸ் சிரிக்கப் பார்த்தாங்க. அப்ப பேச்சியம்மா என் கைய இன்னும் இறுக்கிப் பிடிச்சாங்க. என் மணிக்கட்டுலேர்ந்து செம்மண் தண்ணி தரையில சொட்டுச்சு. மிஸ் கதிரையத் தள்ளிக்கிட்டு எழும்பிட்டாங்க.