குடைக்கு என்ன கோபம்?

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் இருதயராஜ் கதை சொல்ல வருவார். அதற்கு முன் கனகா மிஸ் வகுப்பு வாசலில் நின்று, ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் செவித்தோழன் இருக்கிறதா என்று பார்த்து உள்ளே அனுப்புவார். பயறு அளவுக் கருவி அது. பிள்ளைகளுக்கு அது வெறும் 'தோழன்'. குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார்கள்.

இருதயராஜ் ஓய்வுபெற்ற டவாலி. முப்பத்தெட்டு வருஷம் நீதிமன்ற வாசலில் நின்று வாதி, பிரதிவாதி பெயர்களைக் கூவி அழைத்தவர். அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது; தொண்டை மட்டும் அவரிடம் மிஞ்சியது. இப்போது கதைத்தொண்டர். சம்பளம் கிடையாது, கழுத்தில் ஓர் அட்டை உண்டு. அந்த அட்டையும் போய்விட்டால் வாரத்தில் ஏழு நாளும் ஞாயிறாகிவிடும் என்பது அவர் பயம்.

அன்றைய கதை, குளிக்க மறுத்த முதலைக்குட்டி. தாய் முதலை ஆற்றங்கரையில் சீயக்காயோடு நின்று கத்துகிறது.

"ஏல, முதலைக்குப் பொறந்தவனா நீ? ஆத்துல எறங்குதியா, வாலப் புடிச்சு எறியட்டா?"

டேனியல் சிரித்தான். அவன் சிரித்து முடித்த பிறகு பின்வரிசை சிரித்தது. ஒருத்தி கைதட்டினாள். ஒருவன் கொட்டாவி விட்டான். நாலு மாதமாக இப்படித்தான். முப்பது பேரும் ஒரே இடத்தில் சிரித்ததே இல்லை. ஓட்டை தன் கதையில்தான் என்று இருதயராஜ் நினைத்திருந்தார்.

"சரி மக்கா, குட்டி ஏன் குளிக்கமாட்டேங்குது?"

"பிரியாணி ஆத்துல எறங்குனா சட்டையெல்லாம் கறையாயிரும்லா" என்றான் டேனியல்.

"ராக்கெட்டு துருப்பிடிச்சிரும் தாத்தா" என்றாள் அபிதா.

இருதயராஜ் மிஸ்ஸைப் பார்த்தார். "நான் எங்கம்மா பிரியாணி சொன்னேன்?"

"தோழன் மாத்திக் குடுக்கும் சார். டேனியலுக்குத் தண்ணின்னா பயம். அபிதாவுக்கு முதலை ஆகாது. எந்தக் கதை சொன்னாலும் அந்தந்தப் புள்ளைக்கு ஏத்தாப்லதான் காதுல விழும்."

"அப்ப நான் எதுக்கு?"

"மனுசக் குரல் வேணும்னு விதி இருக்கு சார்."

ஷெரின் எழுந்து நின்றாள். "தாத்தா, ஒங்க கதைல எப்பப் பாத்தாலும் ஏன் ஒரு குடை வருது? போன வாரம் கோழிக்குஞ்சக் குடை தேடிச்சு. அதுக்கு முந்தி சிங்கக்குட்டியக் குடை நக்கிச்சு. இன்னைக்கு முதலைக்குட்டியப் போட்டு ஏசுது. குடைக்கு என்ன கோவம்?"

மிஸ் அவர் காதருகே குனிந்தார். "ஆனி மாசம் அவ அம்மா தவறிட்டாங்க சார். அந்த வார்த்தையே வேண்டாம்னு அவ அப்பா படிவத்துல எழுதிட்டாரு. எடுத்த எடத்துல தோழன் ஆபத்தில்லாத சாமான் எதையாவது வைக்கும்."

கருவியைக் கழற்றக் கூடாது என்ற விதி மட்டும் இருதயராஜுக்கு முன்பே தெரியும். கழற்றினால் மிஸ்ஸின் கைப்பலகைத் திரை சிவக்கும். வீட்டுக்கு அழைப்பு போகும். வந்தவர் புகாரில் விரல் வைத்தால் அட்டை ரத்து.

"அதக் கழத்து பிள்ளே" என்றார். "ஏசுனது யாருன்னு சரியாக் கேளு."

"சார்!"

ஷெரின் கழற்றிவிட்டாள். மிஸ்ஸின் பலகை சிவந்துவிட்டது.

அவர் முதலிலிருந்து சொன்னார். அம்மா முதலை வந்தது. ஷெரினின் முகம் அசையவில்லை. அம்மா முதலை கத்தியது. அப்போதும் அசையவில்லை. இவ்வளவு நாள் குடையோடு சௌக்கியமாக இருந்த பிள்ளையைக் கெடுத்துவிட்டோமோ என்று இருதயராஜ் நினைத்தார்.

"இதெல்லாம் ஒரு ஏச்சா தாத்தா?" என்றாள் ஷெரின்.

"பின்னே?"

"எங்கம்மா ஏசுனா தெருநாயி எந்திரிச்சு அடுத்த தெருவுக்குப் போயிரும்." பெஞ்சின் மேல் ஏறினாள். இடுப்பில் கைவைத்தாள். "ஏட்டி, அழுக்கு மூட்ட! குளிக்காம சோத்துல கைய வச்சே, கொழம்ப ஓந் தலையில ஊத்தி அதுலயே குளிப்பாட்டிருவேன்!"

இது கதை அல்ல என்று தோழன்கள் விட்டுவிட்டன. முப்பது பேரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள்.

"இன்னொரு தடவ!" என்றான் டேனியல்.

மூன்றாவது தடவை அவள் ஏசிக்கொண்டிருந்தபோது செல்வின் வந்தான். ஷெரினின் அப்பா. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் சீருடையிலேயே ஓடி வந்திருந்தான். வாசலில் நின்றுவிட்டான். ஏழு மாதமாக அவன் வீட்டில் அந்தக் குரலில் யாரும் பேசவில்லை.

மிஸ் பலகையை நீட்டினார். "விரல் வைங்க சார். அஞ்சு நிமிசந்தான், அப்புறம் புகார் காலாவதியாயிரும்."

"ஷெரின்" என்றான் அவன்.

இருதயராஜ் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தப்பாச் சொல்லுதே" என்றான் செல்வின். "அழுக்கு மூட்டன்னு ஒங்கம்மா சொல்லுதது என்னைய. ஒன்னைய இல்ல."

"ரெண்டு பேரையுந்தான் சொல்லுவா."

"என்னைய மட்டுந்தான்."

"ஞாயித்துக்கிழம என்னையுஞ் சொல்லுவா. ஒங்களுக்குத்தான் தெரியாது, நீங்க தூங்கிட்டுக் கெடப்பீங்க."

செல்வின் யோசித்தான். பெஞ்சின் ஓரத்தில், முழங்கால் இடிக்க உட்கார்ந்தான். "சரி. ஞாயித்துக்கிழம மூட்ட. மத்த நாளு எப்பிடி ஏசுவா?"

மிஸ்ஸின் கையில் பலகை மங்கி, அணைந்தது. யாரும் பார்க்கவில்லை. இருதயராஜும் பார்க்கவில்லை. மற்ற நாள் என்ன என்று அவரும் முப்பது பிள்ளைகளோடு காத்துக்கொண்டிருந்தார்.