முத்தாலம்மாளின் இடது கை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. பள்ளிக்கரணையில் வீட்டு வாசலில் மீன் விற்ற முத்தாலம்மாளின் கதையைச் சொல்கிறேன். பயந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளலாம்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஒரு காலையில், அவள் டீ குடிப்பதைப் புருஷன் லோகு உற்றுப் பார்த்தான்.

"இன்னாம்மே, டீ மேலெல்லாம் ஊத்திகினு கீது. தெர்ல உனக்கு?"

தெரியவில்லை. வாயின் ஒரு ஓரம் தொங்கிப்போயிருந்தது. வாரம் திரும்புவதற்குள் இடது கையும் மரத்தது.

டாக்டர் தலையைப் படமெடுத்துப் பார்த்தார். "டிபி மாதிரி தெரியும், அது இல்லம்மா. சார்காய்டோசிஸ்னு பேரு. பொடிப்பொடிக் கட்டியா மூளையில உக்காந்திருக்கு. மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தாதீங்க."

மாத்திரையில் கை திரும்பியது. முகம்தான் பூசணியாக உப்பியது.

"விக்கிற மீனெல்லாம் நீயே துன்னுட்றியா அக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சரளா. வாங்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கைதான் சரியாகிவிட்டதே என்று முத்தாலம்மாள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். லோகுவிடம் சொல்லவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம். கரண்ட் போயிருந்தது. சதுப்பில் கோரை உரசும் சத்தமும் சேற்றுப் புழுக்கமும் ஜன்னல் வழியே ஊர்ந்து வந்துகொண்டிருக்க, கண்ணயர்ந்தவளின் மார்மேல் கனமாக, சில்லென்று, யாருடையதோ ஒரு கை கிடந்தது. பிடித்துத் தள்ளினாள். அவள் தோளும் கூடவே போனது.

அவளுடைய கைதான்.

கத்த நினைத்தாள். அந்த நினைப்பும் மரத்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினால்தான் அரிவாள்மனையில் மீன் துண்டாகும். கை போனது தெரிந்தால் வாடிக்கை போகும். யாருக்கும் தெரியக் கூடாது.

"அக்கா, வஞ்சிரம் ரெண்டு கிலோ. துண்டு போட்டுக் குடு. மாமியா வந்துகீது," என்றபடி சரளா வந்து நின்றாள்.

முத்தாலம்மாள் அரிவாள்மனையைக் காலால் மிதித்து உட்கார்ந்தாள். இடது கையை எடுத்து, துணியை வைப்பதுபோல் மீன்மேல் வைத்தாள். தள்ளினாள். துண்டு விழுந்தது. இன்னொன்று. சிவப்பு வழிந்தது. மீன் என்றால் வழியும்தானே.

"அக்கா," என்றாள் சரளா. மெதுவாக. "அக்கா, போதும்."

இன்னொரு தள்ளு.

வலது கையால் துண்டுகளை வாரித் தட்டில் போட்டாள். ஒன்று சின்னது. மெலிசு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நகம். நகத்தில் மருதாணி.

"இது யாருதுடி?" என்று சரளாவிடம் நீட்டினாள்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சூடு சுடட்டும், முள் குத்தட்டும், குத்தின உடனே வலிக்கட்டும். நல்லா இருங்கள்.