மௌனத்தை வெட்டுகிறவள்

உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பழைய ஒல்லாந்தர் வீட்டில் பகலிலேயே லைற் போட வேண்டும். சுவர்கள் அவ்வளவு தடிப்பு. மாரி தொடங்கியதிலிருந்து உள்ளே ஈரத்துணியும் டீசலும் கலந்த ஒரு மணம் போகாமல் நின்றது. புஷ்பவதி குடையை வாசலில் விரித்து வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வழமைபோல நடு அறைக்குப் போனாள். அங்கே ஒரு கணினி, ஒரு கசெற் பிளேயர், இரண்டையும் தொடுக்கும் வயர், அவளுடைய கதிரை.

சமாதான காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பதிந்த கசெற்றுகள் அலுமாரி நிறைய இருந்தன. பாலையூற்று, கட்டைபறிச்சான், மூதூர் என்று எல்லா இடத்துச் சனங்களும் தங்களுக்கு நடந்ததைத் தங்கள் வாயாலேயே சொன்னவை. போன வருசம் சண்டை திரும்பவும் மூண்டதும், அவற்றையெல்லாம் இணையத்தில் ஒரு ஆவணக்காப்பகமாக ஏற்றிவிட வேண்டும் என்று அலுவலகப் பொறுப்பாளர் பாக்கியரத்தினம் முடிவெடுத்தார். தூரதேசத்துக் கணினி ஒன்றில் போய்ச் சேர்ந்துவிட்டால் ஒருவராலும் எரிக்க ஏலாது, பிறகு இந்த யுத்தத்தைப் படிக்க வருகிறவர்கள் கேட்பார்கள் என்றார். ஏற்றி முடிந்த கசெற்றை அழித்துவிடச் சொன்னதும் அவர்தான். இராணுவச் சுற்றிவளைப்பில் வீடு சோதிக்க வருகிறவர்களின் கையில் அந்தக் குரல்கள் அகப்படக் கூடாது.

தொலைபேசி வழியாகப் போகும் இணையம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஆகவே பதிவுகளைச் சுருக்க மௌனங்களை வெட்டச் சொன்னார். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் சனங்கள் வாயடைத்துப் போயிருக்கும் நேரம் திரையில் ஒரு தட்டையான கோடாகத் தெரியும். அதை அடையாளமிட்டு அழித்தால் இரண்டு முனையும் ஒட்டிக்கொள்ளும். தழும்பு கூடத் தெரியாது.

புஷ்பவதி அந்த வேலையில் கெட்டிக்காரி. மற்றவர்கள் விட்டுவைக்கும் சின்ன இடைவெளியையும் அவள் விடமாட்டாள். முன்னறையில் இணைய இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் மூதூர்ப் பெண் ஜெஸீமா ஒருநாள் ஒரு பதிவைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, நீங்க வெட்டுற வெட்டுல ஆக்கள் மூச்சே விடாமக் கதைக்கிறாங்க. றேடியோ விளம்பரம் மாதிரி."

புஷ்பவதியும் சிரித்தாள். ஆனால் அந்தக் கோடுகள் முழுதாகத் தட்டையாக இருப்பதில்லை என்று அவள் சொல்லவில்லை.

ஹெட்போனைக் காதில் அழுத்தி, சத்தத்தைக் கூட்டினால் கேட்கும். கட்டைபறிச்சான் முற்றத்தில் பதிந்த மௌனத்திலும், பாலையூற்றுக் கொட்டில் ஒன்றில் பதிந்த மௌனத்திலும் ஒரே சத்தம். யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். பிறகு ஒரு செருமல்.

பேச வாயெடுக்கிற ஆளின் செருமல்.

அவளுடைய கணவர் இரத்தினசிங்கம் எதைச் சொல்ல முன்னமும் அப்படித்தான் செருமுவார். "தேத்தண்ணி" என்று கேட்பதற்குக் கூட. அன்புவழிபுரத்தில் இருந்து சைக்கிளில் வேலைக்குப் போன மனுசன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் சத்தம் ஓய அவள் விட்டதில்லை. இரவெல்லாம் றேடியோ பாடிக்கொண்டே கிடக்கும். மௌனம் என்பது ஒரு கதவு என்றும், தான் திறக்காதவரைக்கும் அதற்கு அந்தப் பக்கத்தில் எதுவும் முடிவாகவில்லை என்றும் அவள் நம்பினாள். அவர் செத்தவராகப் பேச வந்தால் அவள் விதவை. பேசாதவரை, வேலைக்குப் போனவரின் மனைவி.

அதனால் வெட்டினாள். செருமல் முடியுமுன்னரே வெட்டினாள்.

அன்று மத்தியானம், மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு வயதான பெண் நனைந்தபடி படியேறி வந்தாள். கட்டைபறிச்சானிலிருந்து லோஞ்சுப் படகில் வந்திருந்தாள். குணேஸ்வரி என்று பெயர் சொன்னாள். மகன் நிமலனைத் தொண்ணூறாம் ஆண்டு ஒரு சுற்றிவளைப்பில் கூட்டிக்கொண்டு போனார்களாம். சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பிப் போய்ப் பார்த்தால் வீட்டில் மகனின் ஒரு படம் கூட மிஞ்சவில்லையாம். முந்தி முற்றத்தில் பதிந்துகொண்டு போன கசெற் இங்கே இருக்கும், அதை ஒருக்காக் கேட்க வேண்டும் என்றாள்.

புஷ்பவதி துவாய் கொடுத்துத் துடைக்கச் சொன்னாள். கணினியில் இருந்ததைத் தேடிப் போட்டு, ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டாள். குணேஸ்வரி கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் திரும்பக் கேட்டாள். பிறகு கழற்றினாள்.

"பிள்ளை, இதில அவனைக் காணேல்லை."

"நீங்கள் சொன்னதெல்லாம் இருக்கே அம்மா."

"நான் சொன்னதை நான் ஏன் கேக்க? நான் வாய் மூடின இடத்தைப் போடுங்கோ. பதிஞ்ச தம்பி அண்டைக்கே எனக்குப் போட்டுக் காட்டினவர். அதிலதான் அவன் கதைச்சவன்."

புஷ்பவதி அந்த இடத்தை வெட்டிவிட்டதையும், கசெற்றை அழித்துவிட்டதையும் மெதுவாகச் சொன்னாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தாள். குணேஸ்வரி கதிரையை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு அதில் இருந்தாள்.

"அப்ப திருப்பிக் கேளுங்கோ. அண்டைக்குக் கேட்ட அதே கேள்வி. இந்த முறை வெட்டாதேங்கோ."

இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. ஒரு தாயிடம் மிஞ்சியிருந்த ஒரே பொருளை அவள் கை அழித்திருக்கிறது. மைக்கை எடுத்து வைத்தாள். ஹெட்போனை மாட்டினாள். பதிவை அழுத்தினாள்.

"மகன் எப்ப அம்மா போனவர்?"

குணேஸ்வரி பதில் சொல்லவில்லை.

மழைச் சத்தம் நின்றது. யன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

பிறகு பக்கத்து வளவு ஜெனரேற்றரின் சத்தம் இல்லாமல் போனது. பிறகு கடல். கடைசியாகத் தன் மூச்சுச் சத்தமும்.

திரையில் கோடு அசைந்தது.

குணேஸ்வரி முகத்தைச் சற்றுச் சரித்து, பக்கத்தில் குனிந்து பேசும் ஆளுக்குக் காது கொடுப்பதுபோல இருந்தாள். முகம் மலர்ந்தது. "ஓம் ராசா" என்றாள். "ஓம். சாப்பிட்டனான்." ஈரத்துணியின் மணம் கூடிக்கொண்டே வந்தது. அறைக்குள் ஆட்கள் நெருக்கி நிற்கும்போது வருகிற வெக்கை.

அந்த இருவரைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை.

குணேஸ்வரி கண்ணைத் திறந்தாள். புஷ்பவதியின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"பிள்ளை," குரல் தணிந்திருந்தது, "இவன் தனிய வரேல்லை. கனபேர் நிக்கினம். தங்கட முறை எப்ப எண்டு கேக்கினம்."

புஷ்பவதி திரும்பவில்லை.

"முன்னுக்கு நிக்கிறவர் உங்களைத்தான் பாக்கிறார். வாயெடுக்க வாயெடுக்க நீங்கள் விடுறியள் இல்லையாம்."

ஹெட்போனுக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

அவள் வயரைப் பிடுங்கினாள். மழை ஓட்டில் இடிபோல விழுந்தது. ஜெனரேற்றர் இரைந்தது.

குணேஸ்வரி எழும்பிச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அவன் கதைத்துவிட்டான், தனக்கு அது காணும், லோஞ்சுக்கு நேரமாகிறது என்று சொல்லி, புஷ்பவதியின் கையை ஒருக்கால் பிடித்துவிட்டுப் போனாள். அவ்வளவு சாந்தமான ஒரு முகத்தைப் புஷ்பவதி அந்த யுத்தத்தில் கண்டதில்லை. அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். பொறாமையை விடப் பயம் பெரிதாக இருந்தது.

கதிரையில் வந்து இருந்தாள். திரையில் அந்த நீண்ட மௌனம் அப்படியே கிடந்தது. அவளுடைய கை தானாக அதை அடையாளமிட்டது. அழுத்த வேண்டியதுதான் மிச்சம். குணேஸ்வரியின் விரல் பட்ட இடம் இன்னும் குளிர்ந்தது. அவள் அழுத்தாமல் கையை எடுத்தாள்.

முன்னறையிலிருந்து ஜெஸீமா கூப்பிட்டாள். தொலைபேசியின் றிசீவரைக் காதில் வைத்தபடி நின்றாள். மூதூர்ப் பக்கமாகக் கறுத்திருந்த வானத்தை யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"லைன் செத்துப் போச்சுக்கா. காலையிலிருந்தே டவுன் முழுக்க இல்லையாம். இண்டைக்கு ஒண்டும் ஏத்த ஏலாது."

"அப்ப வை."

ஜெஸீமா வைக்கவில்லை. நெற்றியைச் சுருக்கினாள்.

"இல்லக்கா... லைன் இல்ல. ஆனா உள்ளுக்கு யாரோ செருமுறாங்க."

இரத்தினசிங்கத்தின் செருமலைப் பற்றிப் புஷ்பவதி உலகத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஜெஸீமா றிசீவரை நீட்டினாள். புஷ்பவதி வாங்கிக் காதில் வைத்தாள். தட்டையான கோடு இல்லை, அடையாளமிட ஒன்றும் இல்லை. அவளிடம் வெட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை.

செருமல் முடிந்தது.