ஏழாம் மேசையின் எச்சில்

எங்கள் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு உயிர் இரசாயனவியல் லாப், பழைய கட்டடத்தின் நிலக்கீழ் மாடியில் இருக்கிறது. பின்னேரம் மூன்று மணிக்கே அங்கே இருட்டு. சுவரில் ஈர மணம். எங்கள் எட்மண்டன் பக்கத்திலிருந்து வரும் பஸ் பிந்தியதால் முதல் நாளே எனக்கு மிஞ்சியது கடைசியில் இருந்த ஏழாம் மேசை. இரண்டு பேருக்கான மேசையில் மூன்று ஸ்டூல்கள் கிடந்தன. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம்தான், ஆனால் மனிதர்களை மட்டும்தான் சந்தேகிப்பேன்.

பரிசோதனை பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு குழாயில் மாக்கரைசலோடு என் எச்சில். இன்னொன்றில் மாக்கரைசலோடு வெறும் தண்ணீர். அயடின் விட்டால் மா கருநீலமாகும். எச்சில் அந்த மாவைச் சீனியாக்கிவிடும்; நீலம் மறைந்துபோகும். தண்ணீர் விட்ட குழாய் மட்டும் கருநீலமாகவே நிற்க வேண்டும்.

என்னுடையது நிற்கவில்லை. இரண்டு கிழமை, இரண்டு தடவை. மூன்றாவதும் பிழைத்தால் பாடம் கைவிட்டுப் போகும், முழு வருஷத்தையும் திருப்பிப் படிக்க வேண்டும். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

ஏழாம் மேசையில் என்னோடு இருந்தவன் ஹவுன்ஸ்லோப் பக்கத்துப் பெடியன் டெனுசன். வேறு யாரைச் சந்தேகிப்பது?

“நீதானே இதுக்கை துப்பினனி?”

“உனக்கென்ன விசரே? உன்ரை குழாயிலை துப்பி எனக்கென்ன வரப்போகுது?”

மூன்றாம் கிழமை அவனைக் கதவடியில் போய் நிற்கச் சொன்னேன். எங்களுக்குச் செய்முறை சொல்லித்தரும் பிஎச்டி மாணவி கிரிஜா அக்கா, மதுரைக்காரி, என் பக்கத்தில் வந்து நின்றார்.

“தண்ணியக் கொதிக்க வச்சுக்கோ கௌசி. கொதிச்சா எந்த எச்சிலோட வேலையும் நின்னுடும்.”

கொதிக்க வைத்தேன். மூடி ஆறவிட்டேன். மாவில் கலந்து, அயடின் விட்டு, குழாயை இறுக்கி மூடினேன். நல்ல கருநீலம். அக்காவும் நானும் கண் வெட்டாமல் பார்த்தோம்.

ஒரு நிமிடம்.

இரண்டு நிமிடம்.

அடியிலிருந்து நீலம் மங்கத் தொடங்கியது.

பக்கத்தில் மூன்றாவது ஸ்டூல் மெல்லக் கிறீச்சிட்டது. டெனுசன் கதவடியில்தான் நின்றான். என் கன்னத்தில் ஒரு மூச்சு பட்டது. நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பவர்களின் வாயில் ஒரு மணம் வருமே, அந்த மணம்.

கிரிஜா அக்காவின் முகம் வெளிறிப்போனது.

“இந்த மேசை வேணாம். அங்க வா.”

“ஏன் அக்கா?”

“கேக்காத. வா.”

அவருடைய மேசையில் அதே மா, அதே தண்ணீர், அதே அயடின். அரை மணி நேரம் கழிந்தும் கருநீலம் அசையவில்லை. அக்கா கையெழுத்து வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டெனுசனிடம் மன்னிப்புக் கேட்டேன். “போடி விசரி” என்று சிரித்துவிட்டுப் போனான்.

என் பை ஏழாம் மேசைக்குக் கீழே கிடந்தது. தனியே போகப் பயந்து அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். பையை எடுக்கக் குனிந்தபடியே, நன்றி தாங்காமல் சொன்னேன்.

“ஒருநாள் எங்கடை வீட்டை சாப்பிட வாங்கோ. கட்டாயம் வரோணும்.”

நிமிர்ந்தேன். அக்காவை யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் லாப்பின் அந்தக் கோடியில் நின்றார். என் முன்னால் மூன்றாவது ஸ்டூல் மட்டும் இருந்தது.

அன்று பின்னேரம் வீட்டில் அம்மாவும் நானும்தான். மத்தியானம் மூடி வைத்த சோற்றுப் பானையைத் திறந்து அம்மா முகத்தைச் சுளித்தார்.

“ஆரடி இதுக்கை வாய் வைச்சது? சோறு தண்ணியாப் போச்சு. இனிக்குது வேறை.”

எனக்கு அந்த மூன்றாவது ஸ்டூல் நினைவுக்கு வந்தது. அம்மா திட்டிக்கொண்டே புதிதாகச் சோறு வைத்தார். ஒரு அகப்பை சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மேசையில் வைத்தேன். காயத்துக்குப் பூசும் அயடினைத் தேடி எடுத்து அதன் மேல் விட்டேன். நல்ல கருநீலம்.

எனக்கு மூச்சு வந்தது. ஒன்றுமில்லை, எல்லாம் வீண் பயம் என்று நினைத்தேன்.

எதிர்க் கதிரை மெல்லக் கிறீச்சிட்டது.

கோப்பையின் அந்தப் பக்க ஓரத்திலிருந்து, ஒவ்வொரு வாயாக, நீலம் குறைந்துகொண்டு வந்தது.